பூஜ்யம் தவிர ஏதோ ஒன்று

செல்போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுக்கவில்லை.

ஷூவைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, நாற்காலியில் பாதி உடம்பாகச் சரிந்திருந்தார். கண்ணை மூடினால் தூக்கம் வராது, திறந்தால் வந்துவிடும். அப்படியொரு அலுப்பு.

மறுபடியும் அலறியது... அணைத்துப் போட்டார்.

அடுத்த நொடி, எதிரே உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிளின் சட்டைப் பையில் இன்னொரு செல்போன் அலறியது.

"சொல்லுங்கம்மா... இல்லம்மா, சார் வெளிய போயிருக்காங்க... வந்ததும் சொல்றேம்மா."

பொய்யை இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். பெருமூச்சு விட்டார்.

"அம்மாதான் சார். உங்க வீட்டுல குழாய் ஒழுகுதாம். ஆள் அனுப்பறேன்னு போன வாரமே சொன்னீங்களாம். நீங்க எடுக்காட்டி என் போன்ல அடிக்கறாங்க. குழாய் உங்களுது... சார்ஜ் தீர்றது என்னுது."

"இங்கயே சார்ஜ் போட வேண்டியதுதானே?"

"பிளக் பாயிண்ட் எரிஞ்சு ஒரு மாசம் ஆச்சு சார். எழுதிப் போட்டிருக்கோம்."

எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். பேச்சு அதோடு நின்றது.

மூலையில் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். குளிர்க்கிடங்கின் யூனிஃபார்ம். இரண்டு கைகளையும் மடியில் வைத்து, அவை யாருடையவோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள்தான் ஆப்பரேட்டர். சாயங்காலம் அவள் பேரில் கொலை வழக்கு பதிவாகப் போகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஊசி மருந்துகளை உறைய வைத்துப் பாதுகாக்கும் அந்தக் குளிர்க்கிடங்கில் நாலாவது அறைக்குள் மேனேஜர் விறைத்துக் கிடந்தார். அரைக்கைச் சட்டை. கதவில் அவருடைய விரல் நகங்கள் பிறாண்டிய தடம். வெளியே கதவின் கொண்டி விழுந்திருந்தது.

ஞாயிறு வாட்ச்மேனும் கிடையாது. கட்டடத்தில் அப்போது இருந்ததாகத் தெரிந்தது இரண்டே பேர். மேனேஜர் ஒருவர். கன்ட்ரோல் ரூமில் இந்தப் பெண்.

பிணத்தைக் கண்டுபிடித்ததும் இவள்தான், போலீசுக்குப் போன் செய்ததும் இவள்தான். முந்தின நாள் மேனேஜர் இவளை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கி, இந்த மாதத்தோடு வீட்டுக்குப் போ என்று சொல்லியிருக்கிறார். வேலை நேரத்தில் தூங்கினாளாம். கோபம் இருக்கிறது, சந்தர்ப்பம் இருக்கிறது... இன்ஸ்பெக்டருக்கு வேறென்ன வேண்டும்? தூக்கம்தான் வேண்டும்.

"சார்." அவள் குரல் உலர்ந்திருந்தது. "என் பொண்ணை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வர ஆள் இல்ல. நேத்து பக்கத்து வீட்டுல இருந்தா. இன்னிக்கு அவங்க ஊருக்குப் போறாங்க."

"உண்மையைச் சொல்லும்மா. கூட்டிட்டு வர ஆள் அனுப்பறேன்."

"உண்மை சொல்லியாச்சு சார். தூங்கிட்டேன். மாத்தி விட வேண்டியவ வரல, ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தேன். மேஜையிலயே சாஞ்சுட்டேன். மணி அடிக்கவே இல்ல."

மணி!

வழக்கு முழுதும் அந்த மணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு குளிர் அறைக்குள்ளும் ஒரு சென்சார். கதவு திறந்து கிடந்தாலோ, குளிர் குறைந்தாலோ, உள்ளே மாட்டிக்கொண்டவர் சுவரில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலோ அது கண்டுகொள்ளும். வராந்தாக் கூரையில் இருக்கும் ஒரு பெட்டி, அந்தச் செய்தியை நிமிஷத்துக்கு ஒரு தரம் கன்ட்ரோல் ரூமுக்கு ஒற்றை வரியாக அனுப்பும். எல்லாம் நலம் என்றால் பூஜ்யம். இல்லையென்றால் வேறு எண். கோளாறு என்றால் மணி அடிக்கும். செத்தவனையும் எழுப்பும் மணி.

நேற்று நாலாவது அறை சென்சாரின் பிளக்கை யாரோ பிடுங்கிவிட்டிருந்தார்கள். சிவப்புப் பொத்தானும் அதோடு செத்தது. மேனேஜர் எத்தனை தரம் அழுத்தினாரோ, பாவம்.

வாசலில் நிழல் விழுந்தது.

"வரலாமா சார்?"

மாப்பிள்ளை வந்திருந்தான்.

குளிர்க்கிடங்கில் அவனை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். செத்துப்போன மேனேஜரின் தங்கை புருஷன். அங்கே கம்ப்யூட்டர் வேலை முழுதும் அவன் கையில்தான். மணி எப்போது அடிக்க வேண்டும் என்ற ரூல்களை எழுதியவனும் அவனே. கண்கள் வீங்கியிருந்தன, தாடி மழிக்கவில்லை, தோளில் லேப்டாப் பை.

உட்கார்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மச்சானுக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்றான். கிடங்கில் சரக்கெல்லாம் கெட்டுப்போய்விடும், கன்ட்ரோல் ரூமுக்குப் போலீஸ் வைத்த முத்திரையை எடுத்துவிட்டு ஐந்தே நிமிஷம் உள்ளே விடுங்கள் என்று காலையிலேயே போனில் கேட்டிருந்தான். இப்போது மறுபடி கேட்டான். முத்திரையை உடைத்தால் பத்து இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சோம்பலிலேயே இன்ஸ்பெக்டர் மறுத்துவிட்டார்.

"சரி சார். இங்கயே காட்டிடறேன்." லேப்டாப்பைத் திறந்தான். "நேத்து நாலாவது ரூம் அனுப்பின செய்திங்க இது. நீங்க குடுத்த காப்பிதான்."

திரையில் வரி வரியாக ஓடியது.

4:0
4:0
4:
4:
4:

"பிளக் பிடுங்கின நேரத்துலேருந்து வெறும் 4, அப்புறம் ரெண்டு புள்ளி, அவ்வளவுதான். சென்சார் செத்துடுச்சு, சொல்ல ஒண்ணும் இல்ல. இப்ப ரூலைப் பாருங்க."

தட்டினான்.

4:[^0]

"இதென்னய்யா, கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி?" என்றார் கான்ஸ்டபிள்.

"சதுர அடைப்பு இருக்குல்ல, அதுக்குள்ள இருக்கறது ஒரே ஒரு எழுத்துக்கான இடம். கூரை மாதிரி ஒரு குறி இருக்கே, அது 'தவிர'. அதாவது, நாலாவது ரூம்லேருந்து பூஜ்யம் தவிர வேற எது வந்தாலும் மணி அடி... அவ்வளவுதான் ரூல்."

மொத்தச் செய்தியையும் ஒரு கட்டத்துக்குள் ஒட்டி, ஒரு பொத்தானைத் தட்டினான்.

வெறுமையாக முடிந்த வரிகள் எல்லாம் மஞ்சளாக ஒளிர்ந்தன.

"பார்த்தீங்களா? எல்லாத்தையும் பிடிச்சிருக்கு. நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி அடிச்சிருக்கு சார். இவங்க உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க..." குரல் உடைந்தது. "உள்ள ஒரு மனுஷன் செத்துக்கிட்டிருக்கான்னு தெரிஞ்சே."

மணி அடித்ததா இல்லையா என்பதை அந்த மெஷின் குறித்து வைப்பதில்லை. ஆகவே இந்த மஞ்சள்தான் சாட்சி.

பெஞ்சிலிருந்து அவள் தலையை நிமிர்த்தினாள். சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை போன பிறகு இறந்தவரின் தங்கை போனில் வந்தாள். உடலை எப்போது தருவீர்கள் என்று கேட்டாள். எந்த முகவரிக்குத் தகவல் அனுப்புவது என்று இன்ஸ்பெக்டர் கேட்க, அண்ணன் வீட்டு முகவரியைச் சொன்னாள். இரண்டு மாதமாக அங்கேதான் இருக்கிறாளாம்.

"அண்ணன் இருந்த வரைக்கும் எனக்குப் பயமில்லாம இருந்துச்சு சார்" என்றவள், மேலே பேச முடியாமல் வைத்துவிட்டாள்.

துக்க வீட்டில் ஆயிரம் பேசுவார்கள். இன்ஸ்பெக்டர் அதைக் காதில் வாங்கி, மறு காதில் விட்டார். அவர் செய்த தப்பு அது. தூக்கம் கெட்ட போலீஸ்காரருக்கு இரண்டு காதும் வாசல்தான்.

"எழுத ஆரம்பிய்யா. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுட்டு வீட்டுக்குப் போவோம்."

கான்ஸ்டபிள் பேனாவை எடுத்தார். வைத்தார்.

"சார்... ஒரு சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னா சின்னதாவே இருக்கட்டும்."

"அந்தக் கிடங்குக்கு எதிர்வீட்டுல ஒரு வயலின் வாத்தியார் இருக்கார். அந்த மணி ஒரு தரம் அடிச்சாப் போதும், உடனே போன் போட்டுக் கத்துவார். சுருதி கெடுதாம். ஸ்டேஷன் நம்பர்ல கத்திக் கத்தி, கடைசியில என் நம்பரையே வாங்கிட்டார். போன மாசம் யாரோ கதவைத் திறந்து வெச்சுட்டுப் போனதுக்கு என்னைத் திட்டினார் பாருங்க..."

"விஷயத்துக்கு வாய்யா."

"நேத்து அவர் கூப்பிடவே இல்ல சார்."

இன்ஸ்பெக்டர் மெல்ல நிமிர்ந்தார். முதுகில் ஏதோ மளுக்கென்றது.

"ஊர்ல இல்லாம இருந்திருப்பார்."

"இருக்கலாம்."

கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஸ்டேஷன் போனிலிருந்து வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். ஊரில்தான் இருந்தாராம். ஞாயிறு மதியம் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தாராம். மணியா? அடித்திருந்தால் சும்மா விட்டிருப்பேனா என்று அதற்கும் ஒரு பாட்டம் கத்தினார்.

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். மேஜைக்கு அடியில் காலால் துழாவி ஷூவைத் தேடினார்.

வந்த புகாரை விசாரிப்பதுதான் அவருக்குப் பழக்கம். வராத புகாரை விசாரிக்கும்படி ஆகிவிட்டது.

"அந்த மாப்பிள்ளையைக் கிடங்குக்கு வரச் சொல்லு. இந்தம்மாவையும் கூட்டிட்டு வா. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துடுவோம்."

"பத்துக் கையெழுத்து சார்..."

"போடறேன். என் தலையெழுத்தோட சேர்த்துப் பதினொண்ணு."

*

கிடங்கின் வராந்தா நீளமாக, வெளிச்சம் மங்கி, தரையெல்லாம் ஈரமாக இருந்தது. வரிசையாக ஐந்து கனத்த கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட். சென்சாருக்குக் கரண்ட் அதிலிருந்துதான். கதவைச் சாத்தினால் கொண்டி சமயத்தில் தானாகவே விழுந்துவிடும் என்று வாட்ச்மேன் காட்டினார். சாத்தினார், விழுந்தது. இன்னொரு தரம் சாத்தினார், விழவில்லை.

கோடியில் கன்ட்ரோல் ரூம். முத்திரையை உடைத்து உள்ளே போனார்கள். ஒரு மேஜை, ஒரு திரை, மேஜையின் விளிம்பில் அவள் தலை சாய்த்த இடத்தில் மடித்து வைத்த துப்பட்டா. சுவரில் தட்டு அளவுக்கு இரும்பு மணி.

மாப்பிள்ளை முன்னால் வந்து நாற்காலியை இழுத்தான். "நான் ஒரு நிமிஷம் செக் பண்ணிடறேன் சார்."

"நீங்க நில்லுங்க. கையை மட்டும் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு."

கான்ஸ்டபிள் வராந்தாவில் நாலாவது கதவுக்குப் போனார்.

"பிடுங்கட்டுமா சார்?"

"பிடுங்கு!"

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். சுவர்க் கடிகாரத்தின் முள் நகரும் சத்தம் கேட்டது.

4:

வரி வந்தது. ரெண்டு புள்ளிக்குப் பிறகு வெறுமை.

மணி?

மௌனம்.

இன்னொரு நிமிஷம். இன்னொரு 4:, இன்னொரு மௌனம்.

ஆப்பரேட்டர் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டாள். அழுகைகூடச் சத்தமில்லாமல் வந்தது.

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. ஆனால் சீக்கிரமே சமாளித்தான். நெற்றியில் பட்டென்று அறைந்துகொண்டான்.

"ஐயோ... சார், தப்பு என் மேலதான். மச்சானைக் கொன்னது என் ரூல்தான்!"

"நிதானமா சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி."

"பூஜ்யம் தவிரன்னு எழுதினேன்ல... அதுக்கு 'ஒண்ணும் வராட்டி'ன்னு அர்த்தம் இல்ல சார். அந்த இடத்துல ஏதோ ஒண்ணு வந்தாகணும். வந்து, அது பூஜ்யமா இல்லாம இருக்கணும். ஒண்ணுமே வரலேன்னா ரூல் கண்டுக்காது."

இன்ஸ்பெக்டர் இதைத் தன் பாஷையில் மாற்றிப் பார்த்தார். மீசை இல்லாத ஒருத்தனைப் பிடித்துக்கொண்டு வா என்று ஆள் அனுப்பினால், மீசையில்லாதவன் கிடைத்தால் பிடிப்பான். தெருவில் ஆளே இல்லையென்றால்? கையை வீசிக்கொண்டு திரும்பி வருவான். மீசை இல்லாத ஆள் வேறு, ஆளே இல்லாதது வேறு.

"சரி. அப்ப ஸ்டேஷன்ல மட்டும் எப்படிப் பிடிச்சுது?"

"அங்க எல்லா வரியையும் மொத்தமா ஒட்டினேன் சார். ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரிக்குப் போக என்டர் தட்டுவோம்ல... அது கண்ணுக்குத் தெரியாது. ஆனா மெஷினுக்கு அதுவும் ஒரு எழுத்துதான். பூஜ்யம் இல்லாத எழுத்து! ரூல் அதைப் பிடிச்சுக்கிச்சு. இங்க அப்படி இல்ல, செய்தி தனித்தனி வரியா வருது. வாங்கும்போதே என்டரைக் கத்தரிச்சுடும். ரெண்டு புள்ளிக்கு அப்புறம் சூனியம். நான் இதை யோசிக்கவே இல்ல சார்... சத்தியமா யோசிக்கல."

ஆளில்லாத தெருவில் அவன் ரூல் மீசையில்லாத பேயைப் பிடித்திருக்கிறது. இன்ஸ்பெக்டருக்குத் தலை வலித்தது.

ஆனால் கணக்கு சரியாகத்தான் வந்தது. கொண்டி தானாக விழுந்திருக்கிறது. பிளக் யார் காலிலோ தட்டிப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. ரூலில் ஓட்டை. இவள் தூங்கியிருக்கிறாள். நாலும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டது மேனேஜரின் கெட்ட நேரம். கொலை இல்லை, விபத்து.

மாப்பிள்ளை கைகூப்பிக்கொண்டு நின்றான். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், இந்தம்மாவை விட்டுவிடுங்கள், பாவம் என்றான். சொன்னவன் முகத்தில் ஒரு தியாகியின் களை.

தப்பை ஒத்துக்கொள்ளும் ஆளைப் பார்த்து இன்ஸ்பெக்டருக்கு வெகு நாளாகிறது. மனசு இளகிவிட்டது. பெண்ணைப் பார்த்து, எழுந்திரும்மா, ஸ்கூலுக்கு நேரமாகலை, போய்க் கூட்டிக்கொள் என்றார். அவள் எழுந்தாள். மேஜையிலிருந்த துப்பட்டாவை எடுத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார். வீடு, கட்டில், விசிறி. அவ்வளவுதான் அவர் மனசில் இருந்தது.

அப்போது...

மணி அடித்தது!

சுவரே அதிர்ந்தது. ஆப்பரேட்டர் வீலென்று கத்தினாள். காது பொத்திக்கொண்டு இன்ஸ்பெக்டர் வராந்தாவுக்கு ஓடினார். அவர் ஓடி ஆறு மாதம் ஆகியிருக்கும்.

மூன்றாவது கதவுக்குப் பக்கத்தில் கான்ஸ்டபிள் கையும் களவுமாக நின்றார். ஒரு கையில் சென்சாரின் பிளக். இன்னொரு கையில் செல்போன். சுவரில் அவருடைய சார்ஜர்.

"மன்னிச்சுடுங்க சார்! நாலாவதைத் திருப்பி மாட்டிட்டேன். இது நாலாவது இல்லையே, கொலை நடந்த ரூம்தானே தொடக் கூடாதுன்னு... போன் செத்துடுச்சு சார். ரெண்டே நிமிஷம் போட்டுக்கலாம்னு..."

"வாயை மூடு."

இன்ஸ்பெக்டர் அப்படியே நின்றார்.

கோபத்தில் அல்ல. அவருடைய தூக்கம் கலைந்துவிட்டது.

"இதை மாட்டு."

மாட்டினார். அடுத்த நிமிஷம் மணி நின்றது.

"நாலாவதைப் பிடுங்கு."

பிடுங்கினார். மௌனம்.

"மறுபடி மூணாவது."

மணி!

அதையும் மாட்டச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் கன்ட்ரோல் ரூமுக்கு நடந்து வந்தார். மாப்பிள்ளை மேஜையருகே இருந்தான். கை பாக்கெட்டில் இல்லை, கீபோர்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அந்தக் கையை இன்ஸ்பெக்டர் நட்பாகப் பிடித்துக்கொண்டார். பிடி மட்டும் நட்பாக இல்லை.

"மாப்பிள்ளை, ஒரு சந்தேகம். தெரியாம பண்ணின தப்புன்னா அஞ்சு ரூம்லயும் இருக்கணுமே? மூணாவது ரூம் ரூலுக்கு மட்டும் எப்படி புத்தி வந்துச்சு?"

மாப்பிள்ளை கையை உருவப் பார்த்தான். முடியவில்லை.

"ரூல்களைத் திறந்து காட்டும்மா."

ஆப்பரேட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து திறந்தாள். மாற்ற முடியாது, பார்க்க மட்டும்தான் அவளுக்கு அனுமதி.

1:([^0]|$)
2:([^0]|$)
3:([^0]|$)
4:[^0]
5:([^0]|$)

ஐந்து பேர் நிற்கும் வரிசையில் ஒருவன் மட்டும் சட்டையில்லாமல் நின்றான்.

"கடைசியில நெளிஞ்சுக்கிட்டு ஒரு குறி இருக்கே. அது என்ன?"

மாப்பிள்ளை உதட்டைக் கடித்தான்.

"உங்களுக்குச் சொல்ல இஷ்டமில்லைன்னா, வேற கம்ப்யூட்டர்காரரைக் கேட்டுக்கறேன். ஊர்ல நீங்க ஒருத்தர்தானா?"

"வரி... அங்கயே முடிஞ்சுட்டான்னு அர்த்தம்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒண்ணுமே இல்லாட்டி."

"அதாவது, பூஜ்யம் தவிர ஏதோ ஒண்ணு வந்தாலும் மணி, ஒண்ணுமே வராட்டியும் மணி. ஓட்டையை அழகா அடைச்சிருக்கீங்க. யோசிக்கவே இல்லேன்னு சத்தியம் பண்ணினீங்களே?"

மாப்பிள்ளையின் கண் தரையில் இருந்தது.

"நாலாவது ரூம் ரூலைக் கடைசியா எப்ப மாத்தினாங்கன்னு மெஷின் காட்டுமாம்மா?"

காட்டியது. சனிக்கிழமை சாயங்காலம். மாப்பிள்ளையின் பாஸ்வேர்டு.

இப்போது எல்லாம் வரிசையில் வந்து நின்றன. பிளக் மாட்டியே இருந்தால் உள்ளே மேனேஜர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார், மணி அடிக்கும். பிளக்கைப் பிடுங்கினால் வெறும் வரி வரும், திருத்திய ரூல் அதற்கும் மணி அடிக்கும். ஆகவே அந்த ஒரு அறைக்கு மட்டும் பழைய ஓட்டையைத் திருப்பிக் கொண்டு வர வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் சத்தமில்லாமல் மறுபடி அடைத்துவிடலாம். ஆனால் அதற்குள் போலீஸ் முத்திரை வைத்துவிட்டது. ஐந்தே நிமிஷம் உள்ளே விடுங்கள் என்று இரண்டு தரம் கெஞ்சியது சரக்குக்காக அல்ல. விடவில்லை என்றதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டான்.

அங்கே வைத்திருந்தது இரண்டு அடுக்குப் பொய். முதல் அடுக்கு நின்றால் ஆப்பரேட்டர் உள்ளே போவாள். அது இடிந்தால், அடியில் தயாராக இன்னொன்று, ஓர் அப்பாவியின் கவனக்குறைவு.

இன்ஸ்பெக்டருக்கு அந்தப் போன் குரல் இப்போதுதான் இரண்டாவது காதிலிருந்து திரும்பி வந்தது. அண்ணன் இருந்த வரைக்கும் எனக்குப் பயமில்லாம இருந்துச்சு...

"உங்க வீட்டுக்காரம்மா ரெண்டு மாசமா ஏன் அண்ணன் வீட்டுல இருக்காங்க?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். இந்த முறை அழவில்லை.

"ரெண்டு தரம் கை ஓங்கிட்டேன். அதுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். கால்ல விழுந்தேன் சார். 'நான் உசிரோட இருக்கற வரைக்கும் அவ உன் வீட்டுக்கு வர மாட்டா'ன்னான்."

"அதான் உசிரோட இருக்க விடல."

"சென்சார் கோளாறுன்னு நாலாவது ரூமுக்குக் கூப்பிட்டேன். நம்பி வந்தான். பின்வாசல் சாவியில நானும் உள்ள வந்து, அவன் ரூமுக்குள்ள போனதும் கொண்டியைப் போட்டுப் பிளக்கைப் பிடுங்கிட்டேன்." நெற்றியை வழித்துக்கொண்டான். "இந்தம்மா ரெண்டு ஷிஃப்ட் பார்க்கறது தெரியும். தூங்குவான்னு தெரியும்."

ஆப்பரேட்டர் அவனைப் பார்த்தாள். திட்டவில்லை, அடிக்கவில்லை.

"நான் தூங்கினதுக்காக என் பொண்ணு அனாதையாகியிருப்பா" என்றாள். அதை யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலைத் தாண்டியதும் வேகம் கூடி, ஓட்டமாகவே மாறியது. ஸ்கூல் விடும் நேரம்.

கான்ஸ்டபிள் விலங்கோடு வந்தார். மாப்பிள்ளை கையை நீட்டினான். 

கன்ட்ரோல் ரூம் பிளக்கில் போட்டுப் பாதி உயிர் வந்திருந்த கான்ஸ்டபிளின் செல்போன் அலறியது. எதிர்வீட்டு வயலின் வாத்தியார். ஸ்பீக்கர் போடாமலேயே எல்லாருக்கும் கேட்டது.

"அடிச்சுது சார், ரெண்டு தரம் அடிச்சுது... ஒத்துக்கறேன் சார்... நீங்க திட்டறது இன்னிக்குத்தான் காதுக்கு இனிமையா இருக்கு, திட்டுங்க."

கொலைகாரனை ஜீப்பில் ஏற்றினார்கள். இன்ஸ்பெக்டர் முன் சீட்டில் சரிந்து, ஷூவின் கயிற்றைத் தளர்த்தினார். வழக்கு முடிந்தது. அலுப்பு மட்டும் முடியவில்லை.

"சார்ஜர் விஷயத்தை ரிப்போர்ட்ல எழுதணுமா சார்?" என்றார் கான்ஸ்டபிள் பவ்யமாக.

"'தீவிர சோதனையின்போது'ன்னு எழுதிக்கோ. உனக்கு மெடலே குடுப்பாங்க."

செல்போன் மறுபடி அலறியது. கான்ஸ்டபிள் திரையைப் பார்த்தார். முகம் மாறியது.

"சார்... வீட்டுலேருந்து அம்மா. குழாய். என்ன சொல்லட்டும்?"

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்லாதே."

"அது முடியாது சார்... ஒண்ணும் சொல்லாட்டியும் மணி அடிக்கும். அம்மாவோட ரூல்ல ஓட்டையே கிடையாது!"